லீவுக்கு வரும் பிள்ளையும் அடங்காத பசியும்

பொங்கலுக்கு லீவு கிடைத்ததும் ஓசூர் சிப்காட்டிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். ஓசூரை அடுத்த சானமாவு பக்கம் அப்போது ராகி அறுவடையும் மொச்சையும் ஒன்றாகக் கூடிவரும் காலம். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், "ஏம் பாப்பா, இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்பார் அம்மா. தட்டில் சுடச்சுடக் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும் விழும். மறுநாள் பார்க்க வரும் அத்தை, "கொஞ்சம் சதை போட்டிருக்கே" என்பார். இரண்டுமே பாசத்தில் வரும் பேச்சுதான். ஆனால் அதைக் கேட்கும் சில பிள்ளைகளுக்கு அன்றிரவு என்ன ஆகிறது என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரிவதில்லை.

எல்லோரும் படுத்த பிறகு அடுக்களைக்குள் போகிறார்கள். முறுக்கு டப்பாவின் மூடி சத்தம் கேட்காமல் திறக்கிறது. முறுக்கு, அதிரசம், மிச்சமிருந்த சோறு, பையில் ஒளித்து வைத்திருந்த பேக்கரி பிஸ்கட் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் வேகவேகமாக உள்ளே போகிறது. பசியும் இல்லை, ருசியும் தெரியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. வயிறு வலித்த பிறகுதான் கை நிற்கிறது. காலி கவரைத் துணிக்கு அடியில் திணித்துவிட்டு வந்து படுத்தால் அழுகை வருகிறது. விடிந்ததும் "பசிக்கலைம்மா" என்று காலைச் சாப்பாட்டைத் தள்ளுகிறார்கள். அடுத்த இரவுக்கான விதை அங்கேதான் விழுகிறது.

இது தீனிப் பண்டாரத்தனம் அல்ல, மருத்துவம் பெயர் வைத்து அங்கீகரித்த நோய். அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959-ல் இப்படிப்பட்ட உண்ணும் முறையை விவரித்தார். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூல் 'பிஞ்ச் ஈட்டிங் டிஸ்ஆர்டர்' என்று இதைத் தனி நோயாகச் சேர்த்தது. வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதம் தொடர்ந்து, கட்டுப்பாடு கைநழுவிப் போகும்படி மிக அதிகமாகச் சாப்பிடுவதும், அதனால் மனம் நொந்து போவதும் இதன் முக்கிய அடையாளங்கள். பெண்களுக்கு மட்டும் வருவதல்ல, ஆண்களுக்கும் வருகிறது. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வரலாம். ஆளைப் பார்த்து முடிவு கட்ட முடியாது.

பட்டினிதான் தூண்டுகிறது

"வாயைக் கட்டினால் சரியாகிவிடும்" என்பதுதான் நம் வீடுகளில் சொல்லப்படும் முதல் யோசனை. உண்மை நேர்மாறானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944-45-ல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருந்த 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்தார். அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை. மறுபடி நிறையச் சாப்பிடக் கிடைத்தபோது சிலர் வயிறு முட்டத் தின்றும் பசி அடங்காமல் தவித்தார்கள். மனவுறுதி மிக்க இளைஞர்களையே பட்டினி அப்படி ஆக்கியது. ஆகவே, ராத்திரி டப்பாவைத் திறக்கும் பிள்ளையிடம் "உனக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று சொல்வது அநியாயம்.

எங்கள் பகுதியில் இதோடு ஷிஃப்ட்டும் சேர்ந்துகொள்கிறது. ராத்திரி வேலை, பகலில் அரைகுறைத் தூக்கம், ஹாஸ்டலில் பிடிக்காத சாப்பாட்டைத் தள்ளிவிடுவது என்று வாரம் முழுக்க உடம்பு வாடிக் கிடக்கிறது. தூக்கம் குறைந்தால் பசியைக் கிளப்பும் ஹார்மோன் கூடும், வயிறு நிறைந்ததைச் சொல்லும் ஹார்மோன் குறையும். அந்த உடம்போடு வீட்டுக்கு வந்தால், எதிரே பண்டிகைப் பலகாரம்.

வீட்டில் இருக்கும் நாட்களில்

ஆக்ஸ்ஃபோர்டில் இந்த நோய்க்கான சிகிச்சையை வளர்த்தெடுத்த கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் முதலில் வலியுறுத்துவது நேரத்துக்குச் சாப்பிடுவதைத்தான். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிற்றுண்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. முந்தின இரவு எவ்வளவு தின்றிருந்தாலும் காலையில் இட்லியோ களியோ வழக்கம்போலச் சாப்பிட்டே ஆகவேண்டும். ஈடுகட்டப் பட்டினி கிடந்தால் சுழல் மறுபடி தொடங்கும். இந்தத் தொல்லை உள்ளவர்கள், குணமாகும்வரை சனிக்கிழமை விரதத்தையும் தள்ளி வைக்கலாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

அடக்க முடியாத வேகம் வருவது அடுப்பில் பால் பொங்குவது போலத்தான். தணலைக் குறைத்தால் தானாக இறங்கும். அந்தக் கொஞ்ச நேரத்தைக் கடத்துவதே வேலை. "எழுந்து ஒரு நடை போய் வா" என்று எல்லா ஊர்களிலும் சொல்வார்கள். சானமாவில் அது நடக்காது. ராகி விளையும் காலத்தில் காட்டு யானைக் கூட்டம் சானமாவு காட்டில் வந்து முகாமிடும். இருட்டிய பிறகு வெளியே வரவேண்டாம் என்று வனத்துறை எச்சரிக்கும். அதனால் வீட்டுக்குள்ளேயே வழி தேட வேண்டும். தோழிக்குப் போன் போடலாம், வெந்நீரில் குளிக்கலாம், பாட்டி பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். கைக்கு வேலை வேண்டுமென்றால் ஊறவைத்த மொச்சை இருக்கிறது. ஒவ்வொன்றாக விரலுக்கிடையில் பிடித்துப் பிதுக்கினால் தோல் கையோடு நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். பச்சையாக வாயில் போட முடியாத பண்டம் என்பதால் தைரியமாக உட்காரலாம். ஒரு படி பிதுக்கி முடிப்பதற்குள் மனம் தணிந்திருக்கும்.

முடிந்தால் வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். "எனக்கு ராத்திரியில் இப்படி ஆகிறது, திட்டாதே, கூட இரு" என்றால் போதும். ஒளிவுமறைவில்தான் இந்த நோய் வளர்கிறது.

பரிமாறுகிறவர்களுக்கு

பிள்ளை வந்ததும் இளைத்ததையும் பெருத்ததையும் பேசாதீர்கள். வேலை எப்படி, தூக்கம் எப்படி என்று கேளுங்கள். "போதும்" என்று சொன்ன பிறகு இன்னொரு கரண்டி போடாதீர்கள். பலகாரத்தைப் பூட்டி வைக்காதீர்கள். பூட்டு வெட்கத்தைத்தான் கூட்டும். சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து இரண்டு முறுக்கு சாப்பிட்டால் அது ஒளித்துத் தின்னும் பண்டமாக இருக்காது. அம்மாக்களும் சேர்ந்து உட்காருங்கள். எல்லோருக்கும் போட்டுவிட்டு, பசியோடு கடைசியில் மிச்சத்தைச் சாப்பிடும் அம்மாவுக்கும் இதே தொல்லை வரலாம்.

வாரக்கணக்கில் இது தொடர்ந்தால் மருத்துவ உதவி வேண்டும். பேச்சு வழிச் சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு. தின்றதை வாந்தி எடுக்கும் பழக்கமும் இருந்தால் காத்திருக்கவே கூடாது. உடம்பில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பையே குலைக்கும். சர்க்கரை நோயாளிகளும் தள்ளிப்போடக் கூடாது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாட்டின் முதன்மையான மனநல மருத்துவ நிறுவனமான நிமான்ஸ் பெங்களூரில் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் தயங்காமல் பெங்களூருக்குப் பஸ் ஏறும் நாம் இதற்கும் ஏறலாம். கூட வர ஒருவர் இருந்தால் அந்தப் பிள்ளை கட்டாயம் கிளம்பும். அந்த ஒருவராக வீட்டில் இருப்பவர்கள்தான் முன்வர வேண்டும்.