ஹீலர் ஆயுதம் எடுக்கலாமா?

ஆன்லைனில் குழுவாக விளையாடும் கேம்களில் பெரும்பாலும் மூன்று வேலைகள் இருக்கும். முன்னால் நின்று அடி வாங்குபவர் டேங்க். எதிரியை அடித்து வீழ்த்துபவர்கள் டேமேஜ் ஆட்கள். அடிபட்டவர்களின் ஹெல்த் பாரை மீண்டும் நிரப்புபவர் ஹீலர். நான் எப்போதும் தேர்ந்தெடுப்பது ஹீலரைத்தான். (ஹீலருக்கு ஆள் குறைவு என்பதால் குழுவில் சீக்கிரம் இடம் கிடைத்துவிடும் என்பதும் ஒரு காரணம்.)

2016-ல் கல்லூரி விடுதியில் ஃபைனல் ஃபேன்டஸி 14 விளையாடினோம். அறை நண்பன் டேங்க். நான் வைட் மேஜ். அப்போது ஹீலர்களுக்கு ‘கிளெரிக் ஸ்டான்ஸ்’ என்றொரு பட்டன் இருந்தது. அதனை அழுத்தினால் மைண்ட், இன்டெலிஜென்ஸ் என்ற இரண்டு மதிப்புகளும் இடம் மாறும். தாக்கும் மந்திரங்கள் பலம் பெறும். குணப்படுத்தும் மந்திரங்கள் படுத்துவிடும். அழுத்தியபின் 5 விநாடிகளுக்குத் திரும்ப மாற்றவும் முடியாது. ஒருநாள் நான் அழுத்திய மறுகணமே பாஸின் பெரிய அடி டேங்க் மீது விழுந்தது. “டேய், ஹீல் எங்கடா?” என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து கத்தினான். 5 விநாடி முடிவதற்குள் நான்கு பேரும் தரையில். அன்று இரவு அவன் என்னை விட்டுவிட்டுத் தனியாக மெஸ்ஸுக்குப் போனான்.

ஹீலர் பேசாமல் ஹீல் மட்டும் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எதிரி விநாடிக்கு 500 வீதம் அடிக்கிறான். உங்கள் மந்திரம் 2.5 விநாடியில் 2500 ஹெல்த் தருகிறது. அதாவது விநாடிக்கு 1000. அப்படியானால் பாதி நேரம் நீங்கள் சும்மா இருக்கிறீர்கள். நிரம்பிய பாரில் மேலும் ஊற்றினால் அது வீண். இதைத்தான் ஓவர்ஹீல் என்பார்கள்.

எதிரியின் ஹெல்த் 1,56,000 என்றும், மற்ற மூவரும் சேர்ந்து விநாடிக்கு 260 அடிக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். சண்டை 600 விநாடி நடக்கும். சும்மா இருக்கும் நேரத்தில் நீங்களும் அடித்து, சராசரியாக விநாடிக்கு 40 சேர்த்தால் 520 விநாடியில் முடிந்துவிடும். மிச்சமான 80 விநாடியில் வரவேண்டிய 40,000 அடி வரவே இல்லை. அதாவது, போட வேண்டிய 16 ஹீல்கள் மிச்சம்! ஆக, ஹீலர் அடிப்பதும் ஒரு வகையில் ஹீல்தான்.

சிக்கல் என்னவென்றால், அடிப்பதற்கு உச்சவரம்பு கிடையாது, ஹீலுக்கு உண்டு. குழு தேறத் தேற ஹீலின் தேவை குறைகிறது. ஹீலரும் அடித்தே ஆகவேண்டும் என்ற எதிர்பார்ப்பு வளர்கிறது. புதிதாக வருபவர் பயந்து ஓடுவது இதனால்தான்.

2012-ல் வந்த கில்ட் வார்ஸ் 2, தனி ஹீலரே வேண்டாம் என்று தொடங்கியது. 2015-ல் ரெய்டுகள் வந்தபோது, ட்ரூயிட் மூலம் ஹீலரும் திரும்பி வந்தார்! வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2010-ல் வந்த ‘அடோன்மென்ட்’ வேறு வழி: டிசிப்ளின் பிரீஸ்ட் எதிரியை அடித்தால், அந்த அடியே நண்பர்களுக்கு ஹெல்த்தாக மாறும். எனக்குப் பிடித்த யோசனை இது. ஆனால் இதன் அளவு சற்றுக் கூடினாலும் மற்ற ஹீலர்களைக் குழுவில் யாரும் சேர்க்கமாட்டார்கள். குறைந்தால் பிரீஸ்ட் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ஃபைனல் ஃபேன்டஸி 14-ல் 2017 ஜூனில் ஸ்டார்ம்பிளட் வந்தபோது, ஹீலரின் தாக்குதலும் மைண்ட் மதிப்பிலேயே கணக்கிடப்பட்டது. என்னைக் கவிழ்த்த பழைய கிளெரிக் ஸ்டான்ஸும் போயிற்று. 2019-ன் ஷேடோபிரிங்கர்ஸில் வைட் மேஜுக்கு இன்னொரு வசதி கிடைத்தது. லில்லி செலவழித்து மூன்று முறை ஹீல் செய்தால், ‘அஃப்லேட்டஸ் மிசரி’ என்ற பலத்த அடி தயாராகிவிடும். ஹீல் போட்டதால் விட்டுப்போன அடியில் பெரும்பகுதி இப்படித் திரும்பி வந்துவிடுகிறது.

புதிதாக ஹீலர் ஆகிறீர்களா? முதல் சில நாட்கள் ஹீல் மட்டும் செய்யுங்கள். பாஸின் பெரிய அடி எப்போது வருகிறது என்பது மனதில் பதிந்தபின், அதற்கு இடைப்பட்ட நேரத்தில் தாக்கும் மந்திரத்தைத் தொடுங்கள். கண் மட்டும் டேங்கின் பாரில் இருக்கட்டும். என் நண்பன் இப்போதும் டேங்க்தான். அவன் ஹெல்த் பாதிக்குக் கீழே போனால், நான் எதை அடித்துக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிடுவேன்.