திறன்பேசியைத் துறத்தல்: தனிமனிதர் விருப்பமும் பொதுச் சேவைகளின் கடமையும்

இந்தியாவில் முதல் கைப்பேசி உரையாடல் 1995-ம் ஆண்டு ஜூலை 31-ம் நாள் நிகழ்ந்தது. அப்போதைய மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து, புதுடில்லியில் இருந்த மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அன்று வசதி படைத்தோர் மட்டுமே வாங்கக்கூடிய பொருளாக இருந்த கைப்பேசி, 2003-ம் ஆண்டில் உள்வரும் அழைப்புகளுக்கான கட்டணம் நீங்கிய பின்னர் எளியோர் கைகளை எட்டியது. அதே ஆண்டில் வெளிவந்த நோக்கியா 1100 என்னும் கைப்பேசி, தூசி புகாத விசைப்பலகையும் சிறு கைவிளக்கும் கொண்டது. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. 2016-ம் ஆண்டுக்குப் பின் 4ஜி சேவை மலிவாகப் பரவியதும், திறன்பேசி அன்றாட வாழ்வின் எல்லாத் துறைகளிலும் நுழைந்தது.

இந்த வளர்ச்சிக்கு எதிர்த் திசையில் ஒரு சிறு போக்கு இன்று காணப்படுகிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் சிலர், பிள்ளைகளின் கல்வியில் அக்கறை கொண்ட பெற்றோர் சிலர், மோசடிக்கு அஞ்சும் முதியோர் சிலர் ஆகியோர் திறன்பேசியை விடுத்து, பேசுவதற்கும் குறுஞ்செய்தி அனுப்புவதற்கும் மட்டும் பயன்படும் சாதாரண கைப்பேசிக்குத் திரும்புகின்றனர். இது அவரவர் சொந்த விருப்பம் என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. இவ்வாறு திரும்புவோர் எந்தெந்தப் பொதுச் சேவைகளை இழக்கின்றனர் என்று ஆராய்ந்தால், திறன்பேசி வாங்கவே இயலாத கோடிக்கணக்கான மக்களின் நிலையும் அதனுடன் சேர்ந்தே புலப்படுகிறது.

கவனம் என்னும் அரிய வளம்

தகவல் பெருகப் பெருக அதனை நுகர்வோரின் கவனம் பற்றாக்குறையாகிறது என்பதைப் பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971-ம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார். இவர் 1978-ல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். விளம்பர வருவாயை நம்பி நடைபெறும் செயலிகள் பயனாளரை இயன்ற அளவு நீண்ட நேரம் திரையில் நிறுத்திவைக்க முயல்வது, இந்தப் பற்றாக்குறையிலிருந்து எழும் வணிக முறையே ஆகும்.

வட அமெரிக்காவில் நடைபெற்று 2025-ல் வெளியான ஓர் ஆய்வு இங்கு குறிப்பிடத்தக்கது. இதில் பங்கேற்றோரின் திறன்பேசிகளில் இரண்டு வார காலம் இணையம் மட்டும் தடுக்கப்பட்டது. அழைப்பும் குறுஞ்செய்தியும் வழக்கம்போல் இயங்கின. அதாவது, திறன்பேசி ஏறத்தாழ ஒரு சாதாரண கைப்பேசியாக மாற்றப்பட்டது. இதனால் கவனத்தை நிலைநிறுத்தும் ஆற்றலும் மனநலமும் மேம்பட்டன. ஆயினும், இத்தடையைப் பெரும்பாலான நாட்களில் கடைப்பிடித்தோர் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே. பயன் உண்டெனினும் துறத்தல் எளிதன்று என்பது இதனால் விளங்குகிறது.

இவ்வரிய தன்மைக்குத் தனிமனிதரின் மன உறுதிக் குறைவு மட்டுமே காரணமன்று. அமெரிக்கக் கல்லூரி மாணவரிடையே நடந்த, 2023-ல் வெளியான மற்றோர் ஆய்வு, சமூக ஊடகத்திலிருந்து தாம் மட்டும் விலகுவதற்கு மாணவர்கள் ஈட்டுத்தொகை கேட்டனர் என்றும், அனைவரும் சேர்ந்து விலகுவதாயின் அதற்குத் தாமே பணம் தரவும் பலர் முன்வந்தனர் என்றும் காட்டுகிறது. எல்லோரும் இருக்கும் இடத்தில் ஒருவர் மட்டும் இல்லாதிருப்பதன் இழப்பே அவர்களைப் பிணித்திருக்கிறது.

நம் நாட்டில் இவ்வுண்மையை உணர்ந்து செயல்பட்ட ஊர் ஒன்று உண்டு. மகாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தில் உள்ள மோஹித்யாஞ்சே வட்காவ் என்னும் சிற்றூரில், 2022-ம் ஆண்டு முதல் மாலை 7 மணிக்குச் சங்கு ஒலிக்கப்பட்டு, ஒன்றரை மணி நேரம் தொலைக்காட்சியும் கைப்பேசியும் நிறுத்திவைக்கப்பட்டன. அந்நேரம் பிள்ளைகளின் படிப்புக்கு உரியதாயிற்று. ஊர் முழுவதும் சேர்ந்து விலகியதால் எவருக்கும் தனித்து விலகும் இழப்பு நேரவில்லை. மருத்துவத் துறையில், பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2014-ம் ஆண்டிலேயே தொழில்நுட்பப் பயன்பாட்டுச் சிக்கல்களுக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது.

சாதாரண கைப்பேசியில் கிட்டும் சேவைகள்

சாதாரண கைப்பேசி வைத்திருப்பவர் மின்னணுப் பணப்பரிமாற்றத்துக்கு அப்பாற்பட்டவர் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று.

முதலாவதாக, *99# சேவை. 2014-ம் ஆண்டு ஆகஸ்டில் நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்ட இதற்கு இணையம் தேவையில்லை. விசைப்பலகையில் இவ்வெண்ணை அழைத்தால் திரையில் எண்ணிட்ட பட்டியல் தோன்றும். உரிய எண்ணை அழுத்திக் கணக்கின் இருப்பை அறியலாம், பணமும் அனுப்பலாம். குறித்த நேரத்துக்குள் பதில் தராவிட்டால் தொடர்பு அறுந்துவிடுவது இதன் குறை. இதற்குச் செல்பேசி நிறுவனங்கள் பெற்றுவந்த கட்டணத்தை டிராய் அமைப்பு 2022-ல் நீக்கியது.

இரண்டாவதாக, ரிசர்வ் வங்கி 2022-ம் ஆண்டு மார்ச் 8-ம் நாள் தொடங்கிவைத்த யு.பி.ஐ. 123பே திட்டம். இதில் நான்கு வழிகள் உள்ளன. குறிப்பிட்ட எண்ணை அழைத்துக் குரல் வழிகாட்டுதலின்படி பணம் செலுத்துவது ஒன்று. கடைக்காரர் தொகையையும் வாடிக்கையாளரின் எண்ணையும் பதிவு செய்தபின், வாடிக்கையாளர் 'மிஸ்டு கால்' கொடுத்து, திரும்ப வரும் அழைப்பில் தம் இரகசிய எண்ணை அழுத்துவது மற்றொன்று. சாதாரண கைப்பேசியிலேயே பதிக்கப்பட்ட செயலி மூன்றாவது. ஒலி அலை வழியாகக் கடையின் கருவியுடன் தொடர்புகொள்வது நான்காவது. ஒரு பரிமாற்றத்துக்கான உச்சவரம்பை ரூ. 5,000-லிருந்து ரூ. 10,000 ஆக உயர்த்த 2024 அக்டோபரில் முடிவு செய்யப்பட்டது. நாட்டில் 40 கோடிக்கு மேற்பட்டோர் சாதாரண கைப்பேசி வைத்திருப்பதாக இத்திட்டம் தொடங்கப்பட்டபோது மதிப்பிடப்பட்டது.

இவை தவிர, குரல் வழியே கிட்டும் சேவைகள் பல. 2004-ல் தொடங்கப்பட்ட உழவர் அழைப்பு மையம் (1800-180-1551) பயிர் நோய் முதல் உரம் வரை உள்ளூர் மொழியில் விளக்கம் தருகிறது. 2022 அக்டோபர் 10-ல் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் (14416) மனநல ஆலோசனை வழங்குகிறது. இணையவழி நிதி மோசடிக்கு 1930, அவசர உதவிக்கு 112 ஆகிய எண்கள் உள்ளன. வங்கிகள் அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் குறுஞ்செய்தியாகவே வந்து சேர்கிறது.

மோசடியைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை தேவை. காணொளி அழைப்பில் காவல் துறையினர் போல் தோன்றி மிரட்டும் 'டிஜிட்டல் கைது' போன்ற சூழ்ச்சிகளுக்குச் சாதாரண கைப்பேசியில் இடமில்லை. ஆனால், கடவுச்சொல்லைப் பேச்சில் கறந்துவிடும் மோசடிக்கு எந்தக் கைப்பேசியும் தடையாகாது.

அடைபடும் கதவுகள்

2023 ஆகஸ்டில் யு.பி.ஐ. பரிமாற்றங்கள் ஒரே மாதத்தில் 1,000 கோடி என்னும் எண்ணிக்கையை முதன்முறையாகக் கடந்தன. இவற்றில் கடைகளில் நிகழ்பவை பெரும்பாலும் க்யூ.ஆர். குறியீட்டைப் படம்பிடித்துச் செலுத்தப்படுபவை. சாதாரண கைப்பேசியாளர் அக்குறியீட்டின் முன் செயலற்று நிற்கிறார். வரைபடம், காணொளிக் கலந்தாய்வு, பள்ளிகள் பெற்றோருக்குச் செய்தி அனுப்பும் வாட்ஸ்அப் குழு ஆகியவையும் அவருக்கு இல்லை.

இவற்றுள் சில தனியார் வசதிகள். அவற்றை இழக்கத் துணிந்தே ஒருவர் திறன்பேசியைக் கைவிடுகிறார். சட்டப்படி அவருக்கு உரிய சேவையும் அவற்றுடன் சேர்ந்து பறிபோகும்போதுதான் சிக்கல் எழுகிறது. 2021 மே மாதம் 18 முதல் 44 வயது வரையுள்ளோருக்குத் தடுப்பூசி தொடங்கியபோது, கோவின் இணையதளத்தில் முன்பதிவு கட்டாயமாக இருந்தது. இணைய வசதியற்றோர் இதனால் விடுபடுவர் என்பதை உச்ச நீதிமன்றம் மே 31-ம் நாள் ஆணையில் சுட்டிக்காட்டியது. ஜூன் மாதத்தில் முன்பதிவின்றி நேரில் வந்தாலே போதும் என விதி தளர்த்தப்பட்டது.

ஊரக வேலை உறுதித் திட்டத்தில், பணியாளர் வருகையைப் புகைப்படத்துடன் செயலியில் பதியும் முறை 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. பணித்தளப் பொறுப்பாளரிடம் தகுந்த திறன்பேசியோ, தளத்தில் இணைப்போ இல்லாதபோது, உழைத்த நாளுக்கான பதிவு கேள்விக்குள்ளாயிற்று. வெளிப்படைத்தன்மைக்காகக் கொண்டுவரப்பட்ட கருவி, உழைப்பவரின் கூலியைத் தடுக்கும் நிலை ஏற்படலாகாது.

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21), தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த பெண்கள் 54 சதவிகிதத்தினர் மட்டுமே. அது எவ்வகைக் கைப்பேசியாயினும் கணக்கில் சேர்ந்தது. செயலி வழியாக மட்டுமே கிட்டும் ஒரு சேவை, பெண்களில் எத்துணைப் பேரை எட்டாது என்பதை இதனின்று உய்த்துணரலாம்.

செலவுக் கணக்கு

சாதாரண கைப்பேசி திறன்பேசியைவிட விலை குறைந்தது. ஒருமுறை மின்னேற்றினால் பல நாட்கள் இயங்கும். ஆனால், நெடுங்காலமாக இதன் மாதச் செலவில் ஒரு முரண்பாடு நிலவியது. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் கட்டணம் செலுத்த விரும்புவோரும், தமக்குத் தேவையற்ற இணையத் தரவுடன் சேர்ந்த திட்டங்களையே வாங்க நேர்ந்தது. 2024 டிசம்பர் 23-ல் டிராய் வெளியிட்ட திருத்த விதிகள், பேச்சு மற்றும் குறுஞ்செய்திக்கு மட்டுமான கட்டணத் திட்டம் ஒன்றையேனும் ஒவ்வொரு நிறுவனமும் வழங்க வேண்டும் என்றும், அதன் கால அளவு 365 நாட்கள் வரை இருக்கலாம் என்றும் வகுத்தன. 2025 ஜனவரியில் அத்தகைய திட்டங்கள் சந்தைக்கு வந்தன. பயன்படுத்தாத பொருளுக்கு விலை கொடுக்கும் நிலை, சந்தையின் போக்கால் தானே மாறாமல், ஒழுங்குமுறை ஆணையின் தலையீட்டால் மாறியது என்பது கருதத்தக்கது.

செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒவ்வொரு பொதுச் சேவைக்கும் குறைந்தது இரு வழிகள் இருத்தல் வேண்டும். ஓய்வூதியர் வாழ்வுச் சான்றிதழ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2014-ல் தொடங்கப்பட்ட ஜீவன் பிரமாண் திட்டத்தில் 2021 முதல் திறன்பேசியில் முகத்தைக் காட்டியே சான்று பெறலாம். அதே வேளையில் வங்கிக்கு நேரில் செல்லவும், அஞ்சல்காரரை வீட்டுக்கு வரவழைத்துக் கைரேகை பதியவும் வழி உண்டு. புதிய வழி வந்தபோது பழைய வழி மூடப்படவில்லை.

இரண்டாவதாக, அரசுக் குறுஞ்செய்திகள் வட்டார மொழியில் சுருக்கமாக அமைதல் வேண்டும். ஆங்கிலத்தில் 160 குறிகள் கொள்ளும் ஒரு குறுஞ்செய்தியில் தமிழ், இந்தி போன்ற மொழிகளில் 70 குறிகளே அடங்கும். அதற்குள் பொருள் விளங்க எழுதுதல் பயிற்சியால் கைவரக்கூடியதே.

மூன்றாவதாக, பணப்பரிமாற்றத்தை உறுதிசெய்யும் முறைகள் குறித்து ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள், குறுஞ்செய்திக் கடவுச்சொல்லை விலக்காமல் பிற முறைகளுக்கும் இடமளிக்கின்றன. பாதுகாப்பை முன்னிட்டுச் செயலி வழி உறுதிப்பாட்டுக்கு மாறும் வங்கிகள், செயலி இல்லாத வாடிக்கையாளருக்கும் ஏற்றதொரு முறையைத் தொடர்ந்து வைத்திருத்தல் இன்றியமையாதது.

நான்காவதாக, 123பே, *99# ஆகியவை குறித்து வங்கிக் கிளைகளும் பொதுச் சேவை மையங்களும் செய்முறை விளக்கம் அளிக்கலாம். உள்ள வசதி அறியப்படாமல் கிடப்பது, வசதி இல்லாமைக்கு ஒப்பாகும்.

மின்னணுச் சேவைகளை அணுகுதல் அரசியலமைப்பின் 21-ம் விதி உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பளித்தது. பார்வைக் குறைபாடு உடையோரும் அமில வீச்சுக்கு ஆளானோரும் தொடுத்த வழக்கில் பிறந்த தீர்ப்பு அது. சேவையைப் பெறுவோரின் நிலைக்கேற்பச் சேவையின் வழி அமைய வேண்டும் என்னும் அதன் அடிப்படை, கருவி இல்லாதோர்க்கும் கருவியை விரும்பாதோர்க்கும் பொருந்தும். படிப்புக்காகத் திறன்பேசியைத் துறக்கும் மாணவரும், அதனை வாங்க வழியற்ற விவசாயக் கூலிப் பெண்ணும் ஒரே வகைக் கைப்பேசியையே வைத்துள்ளனர். அப்பெண்ணுக்குத் தம் கூலியும் பங்கீடும் ஓய்வூதியமும் தடையின்றிக் கிட்டுமாறு சேவைகள் அமைக்கப்பட்டால், மாணவரின் விருப்பமும் உண்மையான விருப்பமாக நிலைபெறும்.