கெண்டைக்காலில் திடீர் அடி

பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்ததுபோல் இருக்கும். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். இறகுப்பந்து ஆடும்போதோ, புறப்பட்டுவிட்ட பேருந்தை நோக்கி ஓடும்போதோ, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறும்போதோ கெண்டைக்கால் தசை கிழிந்தவர்கள் மருத்துவரிடம் பெரும்பாலும் முதலில் சொல்வது இதைத்தான். சிலருக்குப் 'பட்' என்ற ஓசையும் கேட்கும். அதன்பின் அந்தக் காலை ஊன்றி நடப்பது கடினம்.

நாற்பது, ஐம்பது வயதினரிடம் இக்காயம் மிகுதியாகக் காணப்படுகிறது. வாரம் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருந்துவிட்டு, ஞாயிறு காலையில் மட்டும் கால்களிடம் இருபது வயதின் வேகத்தைக் கேட்பது ஒரு முக்கியக் காரணம். வங்கிப் பணியாளர்களாகிய நாமும் இதற்கு விலக்கல்லர். ஆண்டு விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓடிவிட்டு, மறுநாள் நொண்டியபடி கவுண்டருக்கு வரும் சக ஊழியரை நம்மில் பலர் கண்டிருக்கிறோம்.

கெண்டைக்காலில் இரண்டு பெரிய தசைகள் உள்ளன. வெளியே திரண்டு தெரியும் தசை, முழங்காலுக்கு மேலே தொடை எலும்பின் அடிப்பகுதியில் இரு தலைகளாகத் தொடங்குகிறது. அதற்கு அடியில் உள்ள தட்டையான தசை முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. இரண்டும் ஒன்றிணைந்து தடித்த குதிநாணாகிக் குதிகால் எலும்பைப் பற்றிக்கொள்கின்றன. மேல்தசை முழங்கால், கணுக்கால் ஆகிய இரு மூட்டுகளையும் கடந்து செல்கிறது. ஆகவே முழங்கால் நீண்டிருக்கும் நிலையில் பாதம் திடீரென மேல்நோக்கி மடங்கினால், சுருங்க முயலும் அதே கணத்தில் அது இழுபடுகிறது. பெரும்பாலும் உட்புறத் தலை நாணுடன் சேரும் இடத்தில் கிழிசல் நேர்கிறது. லான்செட் மருத்துவ இதழ் 1883ஆம் ஆண்டிலேயே இதனைப் புல்தரை டென்னிஸ் ஆட்டக்காரர்களின் கால் நோவாகப் பதிவு செய்தது. இன்றும் மருத்துவர்கள் இதனை 'டென்னிஸ் லெக்' என்றே அழைக்கின்றனர். டென்னிஸ் மட்டையைத் தொட்டறியாதவர்களுக்கும் அதே பெயர்தான்!

இவ்வாறு கால் பிடித்துக்கொண்டவுடன் நம் வீடுகளில் நடப்பது என்ன? 'சுளுக்கு' என்று முடிவுகட்டி, எண்ணெயைக் காய்ச்சி அழுத்தித் தேய்ப்பார்கள். அல்லது சுளுக்கு எடுப்பவரிடம் அழைத்துச் செல்வார்கள். அன்பினால் செய்யப்படும் இந்த உதவி, முதல் இரண்டு மூன்று நாள்களில் தீங்காகவே முடியக்கூடும். கிழிந்த தசைக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது சூடும் அழுத்தமும் அக்கசிவைக் கூட்டிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த வலி தசைக் கிழிசலே அல்லாமல் வேறொன்றாக இருப்பது. எனவே முதலில் எது நேர்ந்திருக்கிறது என்று அறிய முற்படவேண்டும்.

இரவில் உறக்கத்தின்போது கெண்டைக்கால் இறுகிப் பிடித்து, சில நிமிடங்களில் விட்டுவிட்டால் அது வெறும் தசைப்பிடிப்பு. அதைப் பற்றி இங்கே மேலும் பேச வேண்டியதில்லை.

குதிநாண் அறுந்துபோவது அப்படியன்று. அதிலும் பின்னாலிருந்து உதைபட்ட உணர்வே தோன்றும். ஆனால் வலி குதிகாலுக்குச் சற்று மேலே இருக்கும், அவ்விடத்தில் விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படலாம். நாண் அறுந்தவர்களிலும் சிலர் தட்டுத்தடுமாறி நடப்பதால், 'நடக்க முடிகிறதே, ஒன்றுமில்லை' என்று நாள்களைக் கடத்திவிடுகிறார்கள். மருத்துவர்கள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. நோயாளியைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, பாதங்கள் விளிம்புக்கு வெளியே தொங்கும் நிலையில் கெண்டைச்சதையை மெல்லப் பிசைவார்கள். நாண் நலமாக இருந்தால் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். அசையாவிட்டால் நாண் அறுந்திருக்கலாம். அன்றே எலும்பு மருத்துவரைக் காண்பது நல்லது. இதனை வீட்டில் செய்துபார்ப்பதைவிட மருத்துவரிடமே விட்டுவிடலாம். சிப்ரோபிளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை அண்மையில் உட்கொண்டவர்களுக்கு நாண் பாதிப்பு நேரும் வாய்ப்புக் கூடுதல். ஆகவே அதனையும் மருத்துவரிடம் மறவாமல் சொல்லவேண்டும்.

மூன்றாவது, ஆழ்சிரையில் இரத்தம் உறைதல். நாம் மிகவும் அஞ்சவேண்டியது இதற்குத்தான். இதில் அடிபட்ட கணம் என்று பெரும்பாலும் ஒன்று இராது. சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ ஒரு கால் மட்டும் வீங்கி, சூடேறி, கனத்து வலிக்கும். நீண்ட ரயில் அல்லது விமானப் பயணம், அறுவைச் சிகிச்சை, படுக்கையில் கிடந்த காலம், மகப்பேறு, புற்றுநோய்ச் சிகிச்சை, கருத்தடை மாத்திரை ஆகியவற்றுள் ஏதேனும் முன்னதாக இருந்திருப்பின் ஐயம் வலுக்கும். டாப்ளர் ஸ்கேன் மூலம் இதனைக் கண்டறியலாம். உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. இத்தகைய காலைத்தான் நாம் அறியாமல் எண்ணெயிட்டு உருவிவிடுகிறோம். கால் வலியுடன் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால் காத்திருத்தல் கூடாது. 108 ஆம்புலன்ஸை அழைக்கவேண்டும்.

தசைக் கிழிசல்தான் என்று தெளிவான பின் செய்யவேண்டியவை கடினமானவையல்ல. ஆட்டத்தை அக்கணமே நிறுத்துவது முதலாவது. 'இந்த ஒரு செட் முடியட்டும்' என்பவர்களே பின்னர் மாதக்கணக்கில் அவதியுறுகின்றனர். பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுத்து, சில மணி நேர இடைவெளியில் மீண்டும் செய்யலாம். நேரடியாகத் தோலில் வைத்தல் தகாது. கிரேப் பேண்டேஜைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கிச் சுற்றவேண்டும். விரல்கள் மரத்தாலோ நீலம் பாரித்தாலோ கட்டு இறுக்கமாகிவிட்டது என்று பொருள். படுக்கும்போது காலைத் தலையணைகளின்மேல் உயர்த்தி வைக்கலாம். இரு காலணிகளிலும் குதிகால் பகுதியில் சிறிய மெத்தைத் துண்டு வைத்தால், தசை இழுபடுவது குறைந்து நடை எளிதாகும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் குறித்து ஓர் எச்சரிக்கை. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதை உட்கொள்ளலாகாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்குக் காலுக்குள் கசிவு பெரிதாகும் வாய்ப்பு இருப்பதால், அவர்கள் எவ்வளவு சிறு காயமாயினும் மருத்துவரிடம் காட்டவேண்டும். வலி தணியாமல் மேன்மேலும் பெருகி, கெண்டைக்கால் கல்போல் இறுகி, பாதம் மரத்துப்போனால் அது அவசரச் சிகிச்சைக்கு உரிய நிலை.

சிறு கிழிசல் ஓரிரு வாரங்களில் ஆறிவிடும். பாதியளவு கிழிந்தால் ஒன்று முதல் இரண்டு மாதங்கள், முற்றிலும் கிழிந்தால் மூன்று நான்கு மாதங்கள் ஆகலாம். வலி நின்றுவிட்டது என்பது தசை ஆறிவிட்டது என்பதற்குச் சான்றாகாது. மறுமுறை கிழிவதற்கு இந்த மயக்கமே பெரும்பாலும் காரணம். முதல் சில நாள்களுக்குப் பின் கணுக்காலை மெல்ல அசைத்தல், அதன்பின் சுவரைப் பற்றி இரு குதிகால்களையும் உயர்த்துதல், பின்னர் ஒற்றைக் காலில் உயர்த்துதல் என்று பிசியோதெரபி வல்லுநர் படிப்படியாகப் பயிற்சி தருவார். காயமுற்ற காலால் மட்டும் நின்று, மற்றக் காலுக்கு இணையான எண்ணிக்கையில் வலியின்றிக் குதிகாலை உயர்த்த முடிந்த பிறகே ஓட்டத்தைப் பற்றி நினைக்கலாம். இடக்கால் காயமாயின் கிளட்சும், வலக்கால் காயமாயின் பிரேக்கும் சிக்கலாகும். ஆகவே அதுவரை வாகனம் ஓட்டுவதையும் ஒத்திவைப்பது நன்று.

செலவைப் பற்றியும் வாடிக்கையாளர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கப்படும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம், விபத்தினால் நேரும் மரணத்திற்கும் நிரந்தர ஊனத்திற்கும் மட்டுமே உரியது. ஆறிவிடக்கூடிய தசைக் கிழிசலுக்கு அதில் தொகை கிடையாது. பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையையே ஏற்கின்றன. ஸ்கேன், பிசியோதெரபி ஆகியவற்றை வெளிநோயாளியாகப் பெற்றால் அதற்கெனத் தனிப் பிரிவு பாலிசியில் இருக்கவேண்டும். சில தனிநபர் விபத்துக் காப்பீடுகளில், வேலைக்குச் செல்ல இயலாத வாரங்களுக்கு ஈட்டுத்தொகை உண்டு. நாள்கூலி பெறுவோருக்கும் சிறுவணிகர்களுக்கும் பெரிதும் பயன்படக்கூடியது இப்பிரிவுதான். ஆயினும் காப்பீட்டில் 'விபத்து' என்பது வெளிப்புறக் காரணத்தால் திடீரென நேர்வதையே குறிக்கும். படியில் வழுக்கியதால் தசை கிழிந்ததற்கும், ஓடும்போது தானாகக் கிழிந்ததற்கும் அங்கே வேறுபாடு காணப்படலாம். எனவே காயம் எந்நாளில், எவ்விடத்தில், எவ்வாறு நேர்ந்தது என்பதை உள்ளது உள்ளபடி முதல் மருத்துவச் சீட்டிலேயே பதியுமாறு கேட்டுப் பெறுங்கள். ஓய்வு தேவைப்படும் நாள்களைக் குறிப்பிடும் சான்றிதழையும், பணிக்குத் திரும்பலாம் என்னும் சான்றிதழையும் அதனுடன் பத்திரப்படுத்துங்கள்.