விருந்தாளி எங்கே நிற்பது?

வருடத்தில் ஒரு நாள் பாலித் தீவின் விமான நிலையம் மூடப்படுகிறது. புயலும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. அன்று நியேப்பி, பாலி இந்துக்களின் புத்தாண்டு. காலை 6 மணி தொடக்கம் மறுநாள் காலை 6 மணி வரை நெருப்போ விளக்கோ ஏற்றுவதில்லை, வேலை செய்வதில்லை, வெளியே நடமாடுவதில்லை, களியாட்டமும் இல்லை. 2018 முதல் கைத்தொலைபேசியின் இணையத் தொடர்பும் அன்று துண்டிக்கப்படுகிறது. பெருந்தொகை செலவழித்து வந்த உல்லாசப் பிரயாணியும் விடுதி மதிலுக்குள் இருக்க வேண்டியதுதான். பெச்சாலாங் எனப்படும் கிராமக் காவலர்கள் சாரம் அணிந்து வெறிச்சோடிய வீதிகளில் சுற்றி வருவர்; கடற்கரைக்கு இறங்கியவரைத் திருப்பி அனுப்புவர்.

இந்தோனேசியாவின் இத்தீவு உல்லாசப் பிரயாணிகளை நம்பி வாழ்வது. ஆயினும் அந்த வருமானத்தை ஒரு நாள் வாசலில் நிறுத்தி வைக்க அதற்குத் துணிவு இருக்கிறது. விருந்தாளியும் அச்சடங்கில் சேர்ந்துவிடுகிறார், பார்வையாளராக அல்ல, மற்றெல்லாரையும் போல அதற்குக் கட்டுப்பட்டவராக.

மற்ற நாட்களில் நிலைமை இவ்வளவு தெளிவானதல்ல. கோவிலுக்குள் போக விரும்பும் பிரயாணி சாரமும் இடுப்புப் பட்டியும் கட்ட வேண்டும். பூசகரை விட உயரமான இடத்தில் நிற்கக் கூடாது. கும்பிடுபவர்களுக்கு முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது. வீட்டில் அண்மையில் மரணம் நேர்ந்தவர் உள்ளே போவதில்லை. நாம் துடக்கு என்று சொல்வதை அவர்களும் அறிவர். இவற்றைக் கடைப்பிடிப்பது கடினமல்ல. சாரத்தைக் கட்டியதும் தானும் சடங்கில் சேர்ந்துவிட்டதாக நினைப்பதில்தான் சிக்கல்.

அபிவிருத்தி வேலையில் இருக்கும் நாம் 'பங்கேற்பு' என்ற சொல்லை வாய் ஓயாமல் சொல்கிறோம். பாலிக் கிராமத்தில் அதற்குப் பொருள் உழைப்பு. பஞ்ஜார் என்னும் அயற்சங்கத்தில் எல்லாக் குடும்பங்களும் அங்கம். திருவிழா வந்தால் மூங்கில் வெட்டவும் பந்தலிடவும் சமைக்கவும் ஆள் வர வேண்டும். வராதவர் குற்றப்பணம் கட்டுவர். பெண்கள் குருத்தோலையில் சிறு தட்டுகள் பின்னிப் பூ வைத்து நாள்தோறும் படைக்கின்றனர். பிரயாணி படம் பிடிக்கும் அந்தத் தட்டுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் காலை நேரம் இருக்கிறது. கடையில் வாங்கும் வழக்கமும் இப்போது பெருகிவிட்டது.

தகனச் சடங்கான ஙாபேன் இன்னும் நெருடலானது. செலவு பெரிது. ஆகவே பல குடும்பங்கள் சடலத்தை முதலில் புதைத்துவிட்டு, சில வருடங்கள் பணம் சேர்த்து, ஊரோடு சேர்ந்து தகனம் செய்கின்றன. கோபுரமும் எருதுருவப் பேழையும் வாத்தியங்களுமாக ஊர்வலம் போகும். வெளியார் வருவதை அவர்கள் பொதுவாகத் தடுப்பதில்லை. ஆனால் அதைப் பார்க்கப் பயணச்சீட்டு விற்று ஆட்களை ஏற்றி வருகிறவர் பயண முகவர். கடன் தலையில் இருப்பது குடும்பத்துக்கு. இதைக் கலாசாரப் பரிமாற்றம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பாலி மக்கள் இதை யோசிக்காமல் இருந்துவிடவில்லை. கோவிலுக்குரிய பென்டெட் நடனம் ஹோட்டல்களில் வரவேற்பு நடனமாக மாறியபோது மனம் வருந்தினார்கள். அதற்கென்றே பன்யெம்ப்ரமா என்ற வேறு நடனத்தை அமைத்தார்கள். 1971ல் டென்பசாரில் கூடி, உட்கோவிலுக்கு மட்டும் உரியவை, சடங்கைச் சார்ந்தவை, எவரும் பார்க்கக் கூடியவை என நடனங்களை மூன்றாக வகுத்தார்கள். பிரயாணிகள் விரும்பிப் பார்க்கும் கெச்சாக் 1930களில், ஜெர்மானிய ஓவியர் வால்ட்டர் ஸ்பீஸும் கூடி, பழைய சடங்கொன்றிலிருந்து உருவாக்கியது. அதை விற்பதில் எவருக்கும் கூச்சமில்லை.

கமக்காரருக்கு இன்னொரு செய்தி. சுபாக் என்னும் நீர்ப்பாசனச் சங்கங்கள் நீர்க்கோவில்களில் கூடியே எந்தத் தொகுதிக்கு எப்போது தண்ணீர் என்று தீர்மானிக்கின்றன. எமது வட்டவிதானையும் கன்னிக் கூட்டமும் போல என்று வைத்துக்கொள்ளலாம். 1970களில் பசுமைப் புரட்சியின் பேரில், முறை பாராது முடிந்தளவு தடவை விதைக்கும்படி அரசு தூண்டியது. பூச்சியும் நோயும் பெருகின. எல்லா வயலும் ஒரே காலத்தில் தரிசாகக் கிடந்தால் பூச்சிக்கு இரை இல்லாமற் போகும் என்பதைக் கோவில் நாட்காட்டி ஏற்கெனவே கவனித்திருந்தது. அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் இதை ஆய்வால் காட்டினார். 2012ல் யுனெஸ்கோ இவ்வயல்களை உலக மரபுரிமையாக அறிவித்தது. பார்க்க வருவோர் கூடினர். அதே காலத்தில் வயல்கள் விடுதிகளாகின்றன; தண்ணீரும் நீச்சல் தடாகங்களுக்குப் போகிறது. வயல் போனால் அந்த நீர்ச் சடங்கை எதற்காகச் செய்வது?

2024 பெப்ரவரியிலிருந்து வெளிநாட்டுப் பிரயாணி ஒவ்வொருவரும் 150,000 ரூபியா செலுத்த வேண்டும், பண்பாட்டையும் சூழலையும் பேணுவதற்காக. அது சடங்கு செய்யும் பஞ்ஜாருக்கும் வயலில் நிற்பவருக்கும் எவ்வளவு போய்ச் சேரும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

உடப்பில் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கும் கமராவுடன் வெளிநாட்டார் வருகிறார்கள். பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் விடுதிகள் எழுந்துள்ளன. அங்குள்ள விடுதி முகாமையாளர், உங்கள் ஊர்த் திருவிழாவைத் தன் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கலாமா என்று நாளை கேட்டு வரக்கூடும். அவருக்குப் பதில் சொல்வது யார்? தலைவர் மட்டுமா, அல்லது சமைக்கிற பெண்களும் தேர் இழுக்கிற இளைஞரும் இருக்கும் கூட்டமா? அந்தக் கூட்டத்தை அவர் வருமுன் கூட்டிவிடுங்கள்.