வெல்லம், கருப்பட்டி, தேன், சீனித்துளசி: வெள்ளைச் சர்க்கரைக்கு எது மாற்று?

"சர்க்கரை நோய்க்கு வெள்ளைச் சர்க்கரைதான் ஆகாது, கருப்பட்டி காபி குடிக்கலாமே?" பயிற்சிக்கு வரும் விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வெல்லம் காய்ச்சி விற்பவர்களும் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

வெல்லமும் கருப்பட்டியும்

வெள்ளைச் சர்க்கரையில் 99 சதவீதத்துக்கு மேல் சுக்ரோஸ் என்னும் இனிப்புச் சத்துதான். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி ஆகியவற்றிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். 100 கிராம் சர்க்கரை 400 கலோரி தரும். அதே அளவு வெல்லம் சுமார் 380 கலோரி தரும். இரத்தத்தில் சர்க்கரையை இவையும் ஏற்றும். வெல்லத்தில் இரும்புச் சத்து, தாது உப்புகள் உண்டு என்பது உண்மை. ஆனால் ஒரு டம்ளர் காபிக்குப் போடும் 10 கிராமில் கிடைப்பது மிகச் சொற்பம். இரும்புச் சத்துக்கு முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகளை நம்புங்கள்.

தேன்

தேனில் சுமார் 80 சதவீதம் சர்க்கரை, மீதி பெரும்பாலும் நீர். எடை அதிகம் என்பதால் ஒரு தேக்கரண்டித் தேனும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையும் ஏறத்தாழ ஒரே கலோரிதான். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவவும் கூடாது.

சீனித்துளசி

இது மட்டும் வேறு வகை. இலையிலிருந்து பிரித்தெடுக்கும் இனிப்புப் பொருள் சர்க்கரையைப்போல் 200 முதல் 300 மடங்கு இனிக்கும். கலோரி இல்லை, இரத்தச் சர்க்கரையையும் ஏற்றாது. கடையில் பொடி வாங்கும்போது வேறு சர்க்கரை கலந்திருக்கிறதா என்று உறையைப் படியுங்கள். பயிரிட விரும்பினால், வாங்குபவரை எழுத்து மூலம் உறுதிசெய்த பிறகே நடவு செய்யுங்கள். தண்ணீர் தேங்கும் நிலம் ஆகாது. பூக்கும் முன்பே அறுவடை செய்ய வேண்டும்; பூத்தால் இனிப்பு குறையும்.

வெல்லம் காய்ச்சுவோர் கவனத்துக்கு

"சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது" என்று உறையில் அச்சிடாதீர்கள். அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் பாதிப்பு பெரிது. உங்கள் சரக்கின் பலம் சுத்தமும் மணமும்தான்.

* வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் ஆட்டுங்கள்.
* மஞ்சள் நிறத்துக்காக ஹைட்ரோஸ் போடாதீர்கள். அதிலிருந்து வெல்லத்தில் தங்கும் கந்தகம் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.
* அழுக்கெடுக்க வெண்டைச் செடித் தண்டின் சாறு போதும்.
* வெள்ளைச் சர்க்கரை கலக்காதீர்கள்.

வீட்டில் எவ்வளவு?

சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளுக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது. 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கருப்பட்டிக்கு மாற வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.