தமிழ்நாட்டின் எண்ணெய், எரிவாயு, மின்சாரத் துறைகள்

தமிழ்நாட்டின் எரிசக்தித் துறை என்பது மாநிலத்தில் நடைபெறும் பாறை எண்ணெய் அகழ்வும் சுத்திகரிப்பும், இயற்கை எரிவாயு வழங்கல், மின்சார உற்பத்தி மற்றும் பகிர்மானம் ஆகியவற்றைக் குறிக்கும். எண்ணெயும் எரிவாயுவும் பெரும்பாலும் நடுவண் அரசு நிறுவனங்களின் பொறுப்பில் உள்ளன. மின்சாரத்தை வீடுகளுக்கும் தொழில்களுக்கும் கொண்டு சேர்ப்பது மாநில அரசு நிறுவனங்களின் பொறுப்பாகும்.

மின்சாரத் துறையின் வரலாறு

நீலகிரியிலுள்ள பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரம் கோயம்புத்தூர்ப் பகுதியின் பஞ்சாலைகள் பெருகவும், கிணற்றுப் பாசனத்துக்கு மின் இறைப்பிகள் பரவவும் வழி செய்தது. பின்னர் மேட்டூர், பாபநாசம் நீர்மின் நிலையங்கள் அமைந்தன. 1957 சூலை 1 அன்று தமிழ்நாடு மின்சார வாரியம் (அப்போது சென்னை மாநில மின்சார வாரியம்) தோற்றுவிக்கப்பட்டது. 2010 நவம்பரில் வாரியம் உற்பத்தி-பகிர்மானக் கழகம், மின்தொடரமைப்புக் கழகம் எனப் பிரிக்கப்பட்டது. 2024இல் உற்பத்தி, பகிர்மானம், பசுமை எரிசக்தி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கழகங்கள் உருவாயின. மின் கட்டணத்தை நிர்ணயிப்பது 1999இல் அமைந்த தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஆகும்.

மின் உற்பத்தி

மாநிலத்தின் நீர்மின் திறன் சுமார் 2,300 மெகாவாட் மட்டுமே. ஆறுகளில் ஆண்டு முழுவதும் நீர் ஓடாததால் இதற்கு மேல் பெரிய அளவில் விரிவாக்க இடமில்லை. எனவே நிலக்கரி முதன்மை எரிபொருளாயிற்று. தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னை ஆகிய இடங்களில் மாநில அரசின் அனல்மின் நிலையங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் கருநிலக்கரிச் சுரங்கம் இல்லை. ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து தொடர்வண்டி, கப்பல் மூலமாக நிலக்கரி வருகிறது. வெளிநாட்டிலிருந்தும் வாங்கப்படுகிறது. கப்பல் தாமதமானால் கொதிகலனும் தாமதமாகும் என்பதே இதன் பலவீனம்.

இதற்கு விதிவிலக்கு நெய்வேலி. அங்குள்ள பழுப்பு நிலக்கரியை அகழ 1956இல் நடுவண் அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1962இல் அங்கு மின் உற்பத்தி தொடங்கியது. சுரங்கம் விரிவடையும் போதெல்லாம் விளைநிலம் கையகப்படுத்தப்படுவதும், இழப்பீடும் வேலையும் போதவில்லை என உழவர்கள் போராடுவதும் தொடர்கின்றன. 2023 சூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் வாய்க்கால் வெட்டப்பட்டது மாநிலம் முழுவதும் கண்டனத்தை எழுப்பியது.

கல்பாக்கத்தில் தலா 220 மெகாவாட் திறனுள்ள இரு அணு உலைகள் 1980களில் இயங்கத் தொடங்கின. கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரு உலைகள் இயங்குகின்றன. அங்கு மேலும் நான்கு உலைகள் கட்டப்படுகின்றன.

காற்றும் சூரியனும்

ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு ஆகிய கணவாய்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வேகமாக வீசுகிறது. இதனால் காற்றாலைகளுக்குத் தமிழ்நாடு ஏற்ற இடமாயிற்று. 1980களின் நடுவில் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கிய முயற்சி இன்று 10,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இல் அமைந்தது.

காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் மிகுதியாக வீசும். சூரிய ஒளி மாலையில் மறையும். மின்தேவையோ மாலையில்தான் கூடும். இந்த இடைவெளியை நிரப்பச் சேமிப்பு தேவை. கோயம்புத்தூர் மாவட்டக் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் உள்ளது. மின்சாரம் மிகுந்திருக்கும் நேரத்தில் கீழணை நீரை மேலணைக்கு ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பது இதன் முறையாகும்.

பற்றாக்குறையும் கடனும்

2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாடு கடும் மின்வெட்டைச் சந்தித்தது. சென்னைக்கு வெளியே பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் சிறுதொழில்கள் முடங்கின. 2013 திசம்பர் 31 அன்று தென்மண்டல மின்தொடர் தேசிய மின்தொடருடன் இணைந்ததும், பிற மாநிலங்களிலிருந்து மின்சாரம் வாங்குவது எளிதாயிற்று. 2024 மே மாதத்தில் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியபோதும் தேவை நிறைவு செய்யப்பட்டது.

ஆனால், வாங்கும் மின்சாரத்துக்குப் பணம் வேண்டும். உழவர்களுக்கு இலவச மின்சாரமும், 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 அலகு இலவசமும் வழங்கப்படுகின்றன. ஓர் அலகு என்பது 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கச் செலவாகும் மின்சாரம். இவற்றுக்கு அரசு மானியம் தருகிறது. ஆயினும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான வேறுபாடு, வட்டிச் சுமை ஆகியவற்றால் மின்வாரியத்தின் கடன் ஒரு இலட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2014க்குப் பின் உயர்த்தப்படாதிருந்த கட்டணம் 2022 செப்டம்பரில் உயர்த்தப்பட்டது.

எண்ணெய்

1965இல் நிறுவப்பட்ட சென்னை சுத்திகரிப்பு நிறுவனத்தில் இந்திய அரசுடன் ஈரானிய தேசிய எண்ணெய் நிறுவனமும், அமெரிக்காவின் அமோக்கோவும் பங்கேற்றன. மணலி ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. இன்று அதன் திறன் ஆண்டுக்கு 1.05 கோடி டன். இதற்கான கச்சா எண்ணெயில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. 2023 திசம்பரில் மிக்சாங் புயல் வெள்ளத்துடன் மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் பரவி, மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது.

காவிரிப் படுகையில் நரிமணம், குத்தாலம், புவனகிரி முதலிய இடங்களில் எண்ணெய் அல்லது எரிவாயு எடுக்கப்பட்டுள்ளது. மீத்தேன் திட்டத்துக்கு எதிராகவும், 2017இல் நெடுவாசல், கதிராமங்கலம் ஆகிய ஊர்களிலும் மக்கள் போராடினர். நிலத்தடி நீரும் நெல் வயலும் கெடும் என்பதே அவர்களின் அச்சம். 2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், காவிரிப் படுகை மாவட்டங்களில் புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுகளைத் தடை செய்கிறது. முன்பிருந்த கிணறுகள் தொடர்ந்து இயங்க இச்சட்டம் இடமளிக்கிறது.

எரிவாயு

எண்ணூரில் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் திறனுள்ள திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019 மார்ச்சில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. எரிவாயுவை ஏறத்தாழ -162 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தால் அது திரவமாகி, கன அளவு 600இல் ஒரு பங்காகச் சுருங்கும். அதனால்தான் கப்பலில் ஏற்ற முடிகிறது. முனையத்தில் மீண்டும் வாயுவாக்கிக் குழாய்களில் அனுப்புகின்றனர்.

குழாய் எரிவாயு பரவி வந்தாலும் மாநிலத்தின் பெரும்பாலான வீடுகளில் இன்றும் 14.2 கிலோ உருளையே பயன்படுகிறது. உருளையில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் கலவை. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். குழாயில் வரும் மீத்தேன் காற்றைவிட இலேசானது, மேலெழும். எனவே உருளை உள்ள அறையில் தரைமட்டத்திலும், குழாய் எரிவாயு உள்ள அறையில் கூரையை ஒட்டியும் காற்றோட்டம் இருப்பது பாதுகாப்பானது.

ஒரு வீட்டில் பல மூலங்கள்

பெருங்களத்தூர் போன்ற சென்னைப் புறநகரில் உள்ள ஒரு வீட்டின் விளக்கு எந்த நிலையத்தின் மின்சாரத்தால் எரிகிறது என்று பிரித்துக் கூற இயலாது. நெய்வேலி, கல்பாக்கம், முப்பந்தல், வட இந்திய நிலையங்கள் ஆகிய அனைத்தின் மின்சாரமும் ஒரே மின்தொடரில் கலந்தே வருகின்றது. அதற்காக நிலத்தையும் நீரையும் விட்டுக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டிலிருந்து வெகுதொலைவில் வாழ்பவர்கள்.