அப்பாவின் துவரை வரிசையும் எங்கள் பார்சிப்பனி தோட்டமும்

மே மாசம் வந்தா போதும், பார்சிப்பனியில் நம்ம வீடுகளில் எல்லாம் ஒரே பரபரப்பு. கறிவேப்பிலைத் தொட்டி வெளியே வரும், தக்காளி நாத்து கை மாறும். போன வருஷம் மூணாவது படிக்கும் என் மகள், மக்காச்சோளம் முளைத்து நின்ற இடத்திலேயே பீன்ஸ் விதையையும் ஊன்றினாள். இந்த மண்ணின் பூர்வகுடிகளான லெனாப்பே மக்கள் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒன்றாக வளர்த்ததாகப் பள்ளியில் சொன்னார்களாம்.

வீடியோ காலில் பார்த்த அப்பா சிரித்தார். "பாப்பா சரியாத்தான் செய்யுது. நீதான்டா என்னைத் துவரையை எடுக்கச் சொன்னே!"

சுருக்கென்றது. பாலக்கோடு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் செம்மண் நிலம். கேழ்வரகுக்கு நடுவே துவரை வரிசை விடுவது அப்பாவின் வழக்கம். சில வருஷம் முன்னால் நான் எக்செல் ஷீட் போட்டு, "ரெண்டு அறுவடை, ரெண்டு கூலி. ஒரே பயிராப் போடுங்கப்பா, டிஏபி போட்டாப் போதும்" என்றேன். படிச்ச பையன் சொல்றானே என்று கேட்டுக்கொண்டார். அதிலிருந்து உரச் செலவு ஏறிக்கொண்டே போனது.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். செம்மண்ணில் பாஸ்பரஸ் இல்லாமல் இல்லை. ஆனால் பெரும்பகுதி இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. தழைச்சத்து மாதிரி தண்ணீரோடு நகர்ந்து வேருக்கு வராது. நாம் காசு கொடுத்துப் போடும் டிஏபியிலும் ஒரு பங்கு இப்படியே மாட்டிக்கொள்ளும்.

இங்கேதான் துவரை வேலை செய்கிறது. ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் ஆய்வு நிலையத்தில் நொரிஹாரு ஏ என்ற ஜப்பானிய விஞ்ஞானியும் அவர் குழுவினரும் இதை ஆராய்ந்து, 1990ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். துவரை வேர் பிசிடிக் அமிலம் என்ற ஒன்றைக் கசியவிடுகிறது. அது இரும்பைப் பிடித்துக்கொள்ள, பாஸ்பரஸ் விடுபடுகிறது. சோளத்தால் அந்த அளவுக்கு முடியாது. துவரை உதிர்க்கும் இலையும் மண்ணில் மட்கும் வேரும் அந்தச் சத்தை அடுத்து வரும் பயிருக்கும் கொடுக்கின்றன.

சீனாவிலும் இதே மாதிரி ஒரு ஆய்வு. பாஸ்பரஸ் குறைந்த நிலத்தில் மக்காச்சோளத்தையும் ஃபாவா பீன்ஸையும் 4 வருஷம் சேர்த்து வளர்த்தார்கள். தனித்தனியாகப் போட்டதைவிட மக்காச்சோளம் 43 சதவீதமும் பீன்ஸ் 26 சதவீதமும் கூடுதலாக விளைந்ததாக 2007ல் வெளியிட்டார்கள். பீன்ஸ் வேர் விடும் அமிலம் பக்கத்துப் பயிருக்கும் உதவியிருக்கிறது.

ஒன்று சொல்லிவிட வேண்டும். ஊடுபயிர் பாஸ்பரஸை உண்டாக்காது. மண்ணில் மாட்டிக் கிடப்பதை எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். அறுவடையில் போவதை எருவாகவோ உரமாகவோ திரும்பக் கொடுத்தே ஆக வேண்டும்.

நம்ம ஊரில், அதாவது நியூ ஜெர்சியில், கதை வேறு. பாஸ்பரஸ் மழையில் அடித்துப்போய் ஏரிகளில் பாசி பிடிக்கிறது. அதனால் மண் பரிசோதனையில் குறை தெரிந்தாலோ புதிதாகப் புல் போட்டாலோ தவிர, புல்வெளிக்குப் பாஸ்பரஸ் உரம் போடக்கூடாது என்று 2011ல் சட்டம் வந்தது. காய்கறிப் பாத்திக்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் கடையில் உரப் பையைத் தூக்கும் முன் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மண் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு பை மண் அனுப்புங்க. பிள்ளைகளையே தோண்டச் சொல்லுங்க. மக்காச்சோளம் ஒரு சாண் வளர்ந்த பிறகு பக்கத்தில் பீன்ஸ் ஊன்றட்டும். நம்ம துவரை இங்கே பனி விழுவதற்குள் காய்த்து முற்றுவது கஷ்டம்.

இந்த ஆடியில் அப்பா மறுபடி துவரை விதைத்திருக்கிறார். ரெண்டு அறுவடை, ரெண்டு கூலி என்ற கணக்கு மாறவில்லை. அதில் நான் சொன்னது தப்பும் இல்லை. அதனால் உர மூட்டைக்கு என்று அனுப்பிய பணத்தை இப்போது துவரை அறுவடைக் கூலிக்கு அனுப்புகிறேன்.